பின்பக்கத்துப் பாரம்

கரவன் வாங்கலாம் என்ற யோசனை முதலில் யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதில் அந்த வீட்டில் இன்றைக்கும் ஒற்றுமை இல்லை. நீர்தான் சொன்னீர் என்பார் இரவீந்திரன். நான் பகிடிக்குச் சொன்னதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது நீங்கள்தான் என்பாள் அவர் மனைவி சிவநாயகி. எப்படியோ, ஐப்பசி முடிவதற்குள், நோர்வேயில், ரொம்சோசில் அவர்களுடைய அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்தில், ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்த ஒரு பழைய கரவன் வந்து குந்திக்கொண்டது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, ஆள் நிமிர்ந்து நிற்கலாம். நோர்வேக்காரர் கோடையில் பிள்ளை குட்டிகளோடு கடற்கரைக்கு இழுத்துப் போகிற சாமானை, இவர்கள் கொட்டும் பனியில், மாசி மாதத்தில், டோவ்ரே மலைக்கு மேலால் துரொண்ட்ஹெய்ம் வரைக்கும் இழுத்துப்போகத் திட்டம் போட்டார்கள். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. மகளுக்குப் பிள்ளைப்பேறு.

சாருகா அவர்களுக்கு ஒரே மகள். துரொண்ட்ஹெய்மில் படிக்கப் போனவள் படித்து முடித்து, அங்கேயே வேலை எடுத்து, ரிசாந்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். மாசியில் பிள்ளை என்று சொன்ன அன்றே, தாய் அடுத்த வார்த்தை பேசுவதற்கு முன், இதையும் சொல்லிவிட்டாள்.

"வீடு சின்னன் அம்மா. ஒரு அறைதான். ரிசாந் ரெண்டு கிழமை லீவு எடுக்கிறார். நாங்கள் சமாளிப்பம். நீங்கள் பிறகு ஆறுதலா வாங்கோவன்."

இதில் 'வீடு சின்னன்' என்ற இரண்டு சொல் மட்டும்தான் சிவநாயகியின் காதில் ஏறியது. மற்றதையெல்லாம் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு என்கிற தீட்டு. அந்த நாட்களில் அவள் குளிர்தண்ணீர் தொடக்கூடாது, குனிந்து நிமிரக்கூடாது, பத்தியச் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் வாயில் வைக்கக்கூடாது. மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி எல்லாம் சேர்த்து அரைத்த சரக்கில் கறி காய்ச்சிக் கொடுக்க வேண்டும். இலை அவித்து வேது வைத்து, அந்தத் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். அதைச் செய்வது பெற்ற தாயின் வேலை. ரிசாந் நல்ல பொடியன்தான், ஆனால் அவனுக்கு மிளகுக்கும் கடுகுக்கும் வித்தியாசம் தெரியுமா? வீடு சின்னது என்றால் நாங்கள் எங்கள் வீட்டைக் கொண்டுபோகிறது, அவ்வளவுதானே என்றாள். அது பகிடியாகச் சொன்னதா இல்லையா என்பதில்தான் அந்தத் தம்பதிக்குள் வழக்கு.

அவளுடைய பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. சாருகா பிறந்தது நோர்வேயின் வடக்கே, மீன் தொழிற்சாலை ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சிற்றூரில். ஊரில் சண்டை, சிவநாயகியின் தாய் யாழ்ப்பாணத்தில். கடிதம்கூட ஒழுங்காகப் போய்வராத காலம். ஆசுப்பத்திரியில் பிள்ளை பெற்ற கையோடு பாணும் குளிர்ந்த பாலும் கொண்டுவந்து நீட்டினார்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கு இரவீந்திரன் மீன் வெட்டப் போய்விட்டார், போகாவிட்டால் வேலை போய்விடும். அவள் தனியே நின்று தனக்குச் சுடுதண்ணீர் வைத்து, தனக்குச் சோறு காய்ச்சி, பிள்ளைக்கும் பார்த்தாள். அந்த நாட்களில் அவளுக்கு யார் மீது என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை. என் பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் வரக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டவள் அவள். அந்த நினைப்பை இத்தனை வருடம் கீழே வைக்கவே இல்லை.

ஆனால் நினைப்புக்கு வயது போவதில்லை, உடம்புக்குப் போகிறது. சிவநாயகிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தன்னைவிட இரண்டு மடங்கு கனமான கிழவர்களைத் திருப்பிப் படுக்க வைத்தும் தூக்கி இருத்தியும் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இரவீந்திரனுக்கு பஸ் ஓட்டம். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் தேநீர்க் கோப்பையின் கைபிடியைப் பிடிக்கவும் அலுப்பு. இந்த இரண்டு பேரும்தான் வேலை முடிந்து வந்து, குசினி மேசையில் எதிரும் புதிருமாக இருந்து, தங்கள் முதலாவது குளிர்காலக் கரவன் பயணத்தைத் திட்டமிட்டார்கள்.

"சாதாரண காஸ் இந்தக் குளிருக்கு எரியாதாம். போத்திலுக்கை அப்பிடியே படுத்திடுமாம். புரொப்பேன்தான் வேணும்."

"ம்."

"தண்ணித் தாங்கியிலை ஒரு சொட்டும் விடக்கூடாது. உறைஞ்சு வெடிச்சுப்போம். கான்களிலைதான் கொண்டுபோகவேணும்."

"ம்."

"கரவனுக்கும் குளிர்கால ரயர் போடவேணும். கேக்கிறீரோ?"

கேட்கவில்லை. சிவநாயகி கன்னத்தைக் கையில் தாங்கியபடி நித்திரையாகிப்போனாள். அவர் சத்தம் போடாமல் அவளுடைய கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தார். அடுத்த நாள் அவர் நித்திரையாகிப்போனார். அவள் விழித்திருந்து, டோவ்ரேயில் புயல் அடித்தால் பாதையை மூடி, பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் எல்லா வாகனத்தையும் வரிசையாக விடுவார்களாம் என்று அவருடைய குறட்டைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படி முறை வைத்துத் தூங்கியே பாதித் திட்டம் முடிந்தது.

இழுவை வண்டிக்கான லைசென்ஸ் இரவீந்திரனிடம் முன்பே இருந்தது, வேறொரு வேலைக்காக எடுத்தது. அதை வைத்து அவர் ஒருபோதும் கரவன் இழுத்ததில்லை. ஆகவே ஒரு ஞாயிறு காலை, கடை பூட்டியிருக்கும் நேரமாகப் பார்த்து, ஸ்ட்ரோம்மனில் பெரிய கடைத்தொகுதியின் வெறுமையான தரிப்பிடத்துக்குப் பழகப் போனார்கள். முன்னுக்குப் போவதில் ஒரு வில்லங்கமும் இல்லை. பின்னுக்கு எடுக்கும்போதுதான் கரவன் தன் குணத்தைக் காட்டியது. இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போனது. சிவநாயகி பின்னால் நின்று, ஊரில் மினிவான் கொண்டக்டர் மாதிரி, "வரட்டும், வரட்டும், வரட்டும்" என்று கையை ஆட்டினாள். வந்தது. வந்து அள்ளிக் குவித்திருந்த பனிக்குள் போய் இடித்துக்கொண்டு நின்றது.

"வரட்டும் எண்டுதானே சொன்னனீர்?"

"நில்லுங்கோ எண்டும் சொன்னனான். உங்களுக்கு வரட்டும் மட்டும்தான் கேக்கும்."

அதற்கு இருவரும் சிரித்திருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் என்றால் வயிறு நோகச் சிரித்திருப்பார்கள். இப்போது அவர் இறங்கி வந்து பனியைக் காலால் தள்ளினார், அவள் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் பேசாமல் காருக்குள் ஏறி வீட்டுக்கு வந்தார்கள்.

மகளுக்கு இது ஒன்றும் தெரியாது. போய் இறங்கின பிறகு தெரிந்தால் போதும் என்பது சிவநாயகியின் முடிவு. முன்பே சொன்னால் வேண்டாம் என்பாள். வாசலில் போய் நின்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

தை பிறந்ததும் சாமான் ஏற்றத் தொடங்கினாள். புழுங்கல் அரிசி மூட்டை வந்தது. சரக்குச் சாமான் ஒவ்வொன்றும் வறுத்துப் பொதி செய்யப்பட்டது. வேது வைக்கப் பெரிய அலுமினியப் பானை, பிள்ளையைக் குளிப்பாட்டும் பேசின், பழைய பருத்திச் சேலைகள் கிழித்துத் தோய்த்த துணிகள் எல்லாம் வந்தன. இவை போதாதென்று, வேலையிடத்துச் சிநேகிதி மரியமலரின் வீட்டு நிலக்கீழ் அறையில் தேடுவாரில்லாமல் கிடந்த கல் அம்மியையும் கேட்டு வாங்கினாள். மெசினில் அரைத்தால் சரக்கில் குணம் இருக்காதாம். மரியமலரின் மனுசன் அல்பிரட்டும் இரவீந்திரனும் அதைத் தூக்கி வருவதற்குள் இரண்டு பேருக்கும் இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது.

எதை எங்கே வைப்பது என்பதையும் சிவநாயகியே தீர்மானித்தாள். கரவனின் முன்பக்கம் சன்னலோடு ஒட்டிப் பிள்ளையார் படம் வைத்துவிட்டாள். அவ்வளவு தூரப் பயணம், பிள்ளையார் இல்லாமல் ஆகாது. பிள்ளையார் இருக்கிற பக்கத்தில் துடக்குச் சாமான் இருக்கலாமா? இருக்கக்கூடாது. ஆகவே அரிசி மூட்டை, பானை, தண்ணீர்க் கான்கள், அம்மி என்று கனமானது எல்லாம் கரவனின் ஆகப் பின்னால், கட்டிலுக்குக் கீழே போனது. முன்பக்கத்தில் பிள்ளையாரும் இரண்டு தலையணையும் மட்டும் சுகமாக இருந்தார்கள்.

"பிள்ளை இன்னும் பிறக்கேல்லையே. அதுக்குள்ளை என்ன துடக்கு?" என்று இரவீந்திரன் ஒருதரம் கேட்டுப் பார்த்தார்.

"பிறந்தாப் பிறகு அந்தக் குளிருக்கை நிண்டு ஆர் சாமான் மாத்தி வைக்கிறது? நீங்களோ?"

அவர் அடுத்த தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் வைத்தார்.

தை மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஹாமர் வரைக்கும் போய்த் திரும்பி வந்து பார்ப்போம் என்று வெளிக்கிட்டார்கள். வானம் தெளிவு, பாதையில் உப்புப் போட்டிருந்தது, வெளிச்சமான நேரம். இதைவிட நல்ல நாள் கிடைக்காது. இரவீந்திரன் மட்டான வேகத்தில்தான் போனார். எய்ட்ஸ்வொல் கடந்து மியோசா ஏரி இடப்பக்கம் வந்ததும், சிவநாயகிக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இன்னும் கொஞ்ச நாளில் இதே பாதையால் தொடர்ந்து மேலே போவேன், என் பிள்ளையிடம் போவேன் என்று நினைத்தாள். சந்தோசமாக இருந்தது. களைப்புக்குள்ளும் அது சந்தோசம்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய லொறி இவர்களை முந்திக்கொண்டு போனது. லொறியின் காற்று கரவனை ஒரு தள்ளுத் தள்ளியது. கரவன் ஒருபக்கம் சாய்ந்து, மற்றப்பக்கம் வந்து, திரும்பவும் முந்தியதைவிட அதிகமாகச் சாய்ந்தது. கயிறு அறுக்கப் பார்க்கும் மாடு மாதிரி அது காரைப் பின்னால் இருந்து இழுத்து ஆட்டியது. சிவநாயகி "பிரேக், பிரேக்" என்று கத்தினாள். அவர் பிரேக்கில் கால் வைக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பானை உருண்டு எதிலோ மோதுகிற சத்தம் கேட்டது. எதிரே வந்த கார் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே கடந்துபோனது. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் செத்து, ஆட்டம் அடங்கி, கரவன் திரும்பவும் ஒன்றும் தெரியாத பிள்ளை போலப் பின்னால் வந்தது.

சற்றுத் தள்ளி இளைப்பாறும் இடம் ஒன்று வந்தது. அதற்குள் விட்டு நிறுத்தினார். எஞ்சினை நிற்பாட்டிய பிறகும் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. இத்தனை வருடம் பஸ் நிறையச் சனத்தை ஏற்றி இறக்கியவர். அவர் இப்படி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்து அவள் பார்த்ததில்லை.

"பாரம் எல்லாம் பின்னுக்குப் போட்டுது. அதுதான்," என்றார். "பாரம் அச்சுக்கு மேலை, கொஞ்சம் முன்னுக்குச் சாய்ஞ்சு இருக்கவேணும். பின்னுக்கு இருந்தா இப்பிடித்தான் ஆட்டும்."

"உங்களுக்கு அது முன்னமே தெரியுமோ?"

"வாசிச்சனான்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் சொல்லேல்லை?"

"உம்மோடை வாதாடச் சக்தி இல்லை, நாயகி." அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். "வேலையாலை வந்து, காஸ், ரயர், பனி எண்டு கதைச்சு, அதுக்கு மேலை பிள்ளையாரோடையும் வழக்குப் பேச என்னாலை முடியேல்லை. வைக்கிறது வைக்கட்டும் எண்டு விட்டிட்டன். இண்டைக்கு ரெண்டு பேரும் செத்திருப்பம்."

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. தன்மேல்தான் வரவேண்டியது, அவர்மேல் வந்தது. அப்போதும் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போனவர், இப்போதும் தனியே முடிவெடுக்க விட்டுவிட்டார் என்றாள். என் பிள்ளைக்கு ஒருவரும் இல்லாமல் போகப்போகுது என்றாள். நீங்கள் வராட்டி நான் நடந்தெண்டாலும் போவன் என்றாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கின இடைவெளியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவள் எங்களை வரச்சொன்னவளோ?"

சிவநாயகி திரும்பி, பின்னால் நின்ற கரவனைப் பார்த்தாள்.

"புரொப்பேன் கேட்டம், ரயர் கேட்டம், பாதை பூட்டுவாங்களோ எண்டு கேட்டம். அவளிட்டைக் கேட்டமோ?"

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்க் கரவனுக்குள் ஏறினாள். உள்ளே பெரும் அலங்கோலம். பொதி ஒன்று வெடித்து நிலமெல்லாம் மல்லித்தூள். அம்மி மட்டும் அசையாமல் இருந்தது. குளிரில் வாயிலிருந்து புகை வந்தது. சப்பாத்தோடு கட்டில் ஓரத்தில் இருந்து, மகளுக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா? என்ன இந்த நேரம்?"

"ஒண்டு கேக்கிறன். ஒளிக்காமல் சொல்லு. பிள்ளை பிறக்கேக்கை நான் அங்கை நிக்கட்டோ, வேண்டாமோ?"

"நீங்கள் இப்ப எங்கை?" என்று கேட்டாள் சாருகா.

சொல்ல வேண்டியதாயிற்று. கரவன், அரிசி, அம்மி, லொறி, ஆட்டம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மியைச் சொன்ன இடத்தில் மகள் சிரித்தாள். ஆட்டத்தைச் சொன்ன இடத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மா, முதல் ரெண்டு கிழமையும் நாங்கள் மூண்டு பேரும் தனிய இருக்கப்போறம். அது எங்கடை ஆசை. கோவிக்காதேங்கோ."

"வீடு சின்னனெண்டபடியாலோ?"

"இல்லை. வீடு பெரிசெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன்."

போனை வைத்துவிடலாமா என்று நினைத்தாள் சிவநாயகி. மகள் விடவில்லை.

"போன முறை இஞ்சை வந்து நிண்டபோது நீங்கள் ஒருநேரமெண்டாலும் எங்களோடை இருந்து சாப்பிட்டனீங்களோ? வேலையாலை நேரே ரெயினிலை ஏறி வந்தனீங்கள். வந்த உடனை குசினிக்குள்ளை போனனீங்கள். சிங்க் விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு ஒரு காலிலை நிண்டு கோப்பை கழுவினனீங்கள். நான் பார்த்தனான். நான் பிள்ளையோடை படுத்திருக்க, நீங்கள் அந்த முழங்காலோடை அங்கையும் இஞ்சையும் நடக்கிற சத்தம் கேட்டா எனக்குப் படுக்க ஏலுமோ? நான் பிள்ளையைப் பாக்கிறதோ, உங்களைப் பாக்கிறதோ?"

"நான் பெத்தபோது எனக்கு ஒருத்தரும் இருக்கேல்லையடி."

"தெரியும் அம்மா. அது உங்களுக்கு நடந்தது. எனக்கு நடக்கேல்லை. எனக்கு ரிசாந் இருக்கிறார்."

வெளியே ஒரு லொறி போக, நின்றுகொண்டிருந்த கரவன்கூட மெல்ல அசைந்தது.

"ரெண்டு கிழமை முடியட்டும்," என்றாள் சாருகா. குரல் தணிந்திருந்தது. "அதுக்குப் பிறகு வாங்கோ. அப்பாவும் நீங்களும் ரெயினிலை வாங்கோ. ஒரு பானையும் வேண்டாம். வந்து பிள்ளையை மடியிலை வச்சுக்கொண்டு என்ரை பக்கத்திலை இருங்கோ. வேறை ஒண்டும் செய்யவேண்டாம். சும்மா இருங்கோ. இருப்பீங்களோ?"

"ஓம்," என்றாள் சிவநாயகி.

போனை வைத்த பிறகும் அவள் எழும்பவில்லை. கதவு திறந்தது. இரவீந்திரன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். மல்லித்தூளில் கால் படாமல் கவனமாக வைத்து வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். கட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருதரம் முனகியது.

"என்னவாம்?"

"ரெண்டு கிழமை கழிச்சு வரட்டாம். பானை, சட்டி ஒண்டும் வேண்டாமாம். வந்து சும்மா இருக்கட்டாம்."

சிரிப்பாரா என்று அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"நீர் என்ன சொன்னீர்?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்." தன் உள்ளங்கைகளை விரித்து மடியில் வைத்துப் பார்த்தாள் சிவநாயகி. அவற்றை எங்கே வைத்திருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "இஞ்சருங்கோப்பா, சும்மா இருக்கிறதெண்டா எப்பிடி? எனக்குத் தெரியாதெண்டு நான் அவளுக்குச் சொல்லேல்லை."

அவரும் சும்மா இருக்கத் தெரியாமல் குனிந்து, சிதறிக் கிடந்த மல்லித்தூளைக் கையால் கூட்டத் தொடங்கினார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.